கழற்ற முடியாத யன்னல்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஏதாவது வாங்கினால், என்ன விலை என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "உதால என்ன வருமானம்?" என்றுதான் கேட்பார்கள். கோழி வாங்கினாலும் கேட்பார்கள், கதிரை வாங்கினாலும் கேட்பார்கள். அவர்களில் பிழையில்லை. சண்டை முடிந்து மீளக் குடியேறிய நாளிலிருந்து வன்னிக்குள் வந்திறங்கிய எல்லாப் பொருளின் முதுகிலும் 'வாழ்வாதாரம்' என்ற சொல் குத்தியிருந்தது. ஆடு வாழ்வாதாரம், தையல் மெஷின் வாழ்வாதாரம், பிள்ளை பள்ளிக்கூடம் போகிற சைக்கிளும் வாழ்வாதாரம். ஒரு பொருளைச் சும்மா வைத்திருக்கிற உரிமை யாருக்கும் இருக்கவில்லை. எனக்கு அந்தச் சொல்லோடு தனிப்பட்ட பகையும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் அறிக்கைகளை மொழிபெயர்த்துப் பிழைத்தவன் நான். ஊர் முழுக்க ஆட்டிலும் கோழியிலும் வாழ்வாதாரம் தேடிக்கொண்டிருந்தபோது, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதே எனக்கு வாழ்வாதாரமாக இருந்தது.

அதை எதிர்க்கத்தான் பாய்ப்படகு வாங்கினேன் என்று சொன்னால், அது பின்னால் கட்டிய நியாயம். ஆசைப்பட்டேன், வாங்கினேன். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் ஒரு ஆம்பிளைக்கு வருகிற ஆசைகளில் இது மலிவானது, அயலுக்கும் கரைச்சல் இல்லாதது என்று மனைவியிடம் சொன்னேன். முதலாவதை அவர் கணக்குப் பார்த்து மறுத்தார். இரண்டாவதைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

படகு திருகோணமலையில் பழைய இரும்பு வாங்கி விற்கிற ஒருவரின் வளவுக்குள் கிடந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் உலகத்தைச் சுற்றக் கிளம்பி, அந்த இடத்தோடு போதும் என்று விட்டுவிட்டுப் போனதாம். நல்ல தெளிவான மனிதர். இருபது அடிக்குச் சற்றுக் கூடிய பைபர் உடல். நடுவில் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்ன அறை. இரண்டு பேர் சமாளிக்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் மூவரும் நெருங்கிய சொந்தமாகிவிட வேண்டியதுதான். அடியில் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு தட்டுகள் இறங்கியிருந்தன. அதனால் தண்ணீர் வற்றினாலும் சேற்றில் சரியாமல் நிற்கும். நான் போய்ப் பார்த்தபோது அறைக்குள் ஒரு கோழி அடைகிடந்தது. கோழிக்குக் கடைக்காரர் வேறு விலை சொன்னார்.

லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, முல்லைத்தீவுக்குத் தெற்கே எங்கள் வீட்டுக்கு முன்னால் கடல் உள்ளே புகுந்து நிற்கிற களப்பின் கரையில் இறக்கினோம். அன்று கரையில் நின்ற சனம் முழுவதும் அதைச் சுற்றி வந்தது. எஞ்சின் எங்கே பூட்டுவது, வலை எங்கே வைப்பது, மீனை எங்கே கொட்டுவது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எல்லோருடைய கண்ணும் அந்த அறையின் பக்கச் சுவர்களில் போய் நின்றது. பக்கத்துக்கு இரண்டு, முன்னுக்கு ஒன்று என்று ஐந்து யன்னல்கள். நீட்டு வட்டமாக, ஒரு புட்டுத் தட்டை அமத்தி நீட்டிவிட்ட மாதிரி.

"தம்பி, போட்டுக்கு ஏன் யன்னல்?" என்று சம்மாட்டி கேட்டார்.

சம்மாட்டி என்பவர் எங்கள் கரையில் நிற்கிற படகுகளில் பாதிக்குச் சொந்தக்காரர். மற்றப் பாதிக்கும் ஆலோசகர்.

"வெளியால பாக்கத்தான் அண்ணை."

"வெளியால பாக்கிறதெண்டா வெளியாலயே இருக்கலாமே?"

நான் லொறிக்காரருக்குக் காசு கொடுக்கப் போனேன்.

யன்னல்கள் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். வெயில் பட்டுப் பட்டு அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடிகள் கண்ணில் வெள்ளை படர்ந்த கிழட்டு மாடு மாதிரி ஆகியிருந்தன. உள்ளே இருந்து பார்த்தால் பகல் என்பது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அலுமினியச் சட்டங்கள் உப்புக் காற்றில் பூத்து, தொட்டால் வெள்ளை மாவாக உதிர்ந்தன. ரப்பர் என்று ஒரு காலத்தில் இருந்தது கறுப்புக் கருவாடாகியிருந்தது. முதல் மாரியிலேயே ஐந்து யன்னலாலும் தண்ணீர் உள்ளே வந்தது. வந்த தண்ணீர் வெளியே போகவில்லை. படகு என்பது தண்ணீரை வெளியே வைத்திருக்கச் செய்த பாத்திரம். உள்ளே வந்துவிட்டால் அதே கெட்டித்தனத்தோடு உள்ளேயும் வைத்திருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

இங்கேதான் மனைவியின் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பகுதியின் குடும்பநல மருத்துவமாது. பிள்ளைத்தாச்சிகளைப் பார்ப்பது அவருடைய முதல் வேலை. மாரி தொடங்கிவிட்டால் வீடு வீடாகப் போய், சிரட்டையைக் கவிழுங்கோ, ரயரை அப்புறப்படுத்துங்கோ, நுளம்பு பெருகும், டெங்கு வரும் என்று சொல்வதும் அவருடைய வேலையாகிவிடும். அப்படிச் சொல்லிக்கொண்டு போன ஒரு வீட்டில் ஒரு கிழவி, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "பிள்ளை, என்ர சிரட்டை இத்தினூண்டு. உம்மட மனுசன் கரையில ஒரு பெரிய சிரட்டை வச்சிருக்கிறாராமே, அதை ஆர் கவிழ்க்கிறது?" என்று கேட்டிருக்கிறா.

அன்று மாலை மனைவி செருப்பையும் கழற்றாமல் படகுக்குள் இறங்கி, ரோச் அடித்துப் பார்த்தார். புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் அடுத்த நாளே வாளியால் அள்ளி ஊற்றினேன். அதற்கடுத்த நாள் மழை மறுபடி நிரப்பியது.

இதைக் கேள்விப்பட்டுச் சம்மாட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியே கதைத்தார். பிறகு மெல்ல வந்தார்.

"தம்பி, என்னட்டத் தாரும். அந்த மேலறையை வெட்டி எடுத்துப்போட்டு, அடியில நிக்கிற இரண்டு காலையும் வெட்டிப்போட்டு, பின்னுக்கு எஞ்சினைக் கொழுவினா அது ஒரு போட்."

"பாய்மரம்?"

"அதையும் வெட்டத்தான் வேணும்."

"அப்ப மிச்சம் என்ன அண்ணை?"

"அதுதான் சொன்னனே, போட் மிஞ்சும்."

அவருக்கு அது கொடூரமாகத் தெரியவில்லை. விற்க மனமில்லாவிட்டால் இன்னொரு வழியும் சொன்னார்: யன்னல் ஓட்டைகளில் இரண்டு தட்டு பைபர் போட்டு அடைத்துவிடுவது. ஒரு பின்னேர வேலை, தானே ஆள் அனுப்புவதாகவும் சொன்னார். மனைவி என்னைப் பார்த்தார். அது நியாயமான யோசனை என்று அந்தப் பார்வை சொன்னது.

"அடைக்க ஏலாது," என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று எனக்கே அப்போதுதான் தெரியவந்தது. நான் இருக்கிற வீட்டில் ஆறு யன்னல். ஒன்றைக்கூட நான் தெரிந்தெடுக்கவில்லை. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு, ஒரே உயரம், ஒரே திசை. எங்கேயோ இருந்து யாரோ ஒருவர் இவர்கள் எவ்வளவு வெளிச்சத்தைக் காண வேண்டும் என்று முடிவெடுத்து வரைந்து அனுப்பியது. எங்கள் வீட்டு யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டின் அதே யன்னல் தெரியும். அதற்குள் அவர்கள் தெரிவார்கள். அவர்களுக்கு நாங்கள். நன்றி கெட்ட கதை இல்லை. தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தவனுக்கு அது பெரிய காரியம்தான். ஆனால் களப்பைப் பார்த்தபடி எனக்கென்று ஐந்து ஓட்டைகள் கிடைத்திருக்கும்போது, அதை நானே அடைக்க வேண்டுமா?

இவ்வளவையும் நான் சொல்லவில்லை. "அடைக்க ஏலாது" என்பதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

அப்போது மனைவி தீர்ப்புச் சொன்னார். வாற மாரிக்கு முன்னம் யன்னலைத் திருத்த வேண்டும். மாரி மழையில் உள்ளே தண்ணீர் நின்றால், படகு சம்மாட்டிக்கு. நிற்காவிட்டால், அதைப் பற்றி இனி இந்த வீட்டில் கதை இல்லை. சம்மாட்டிக்கு இது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. போகும்போது வழியில் நின்று படகை ஒரு தரம் சுற்றிப் பார்த்து, வெட்ட வேண்டிய இடங்களைக் கையால் தடவிவிட்டுப் போனார்.

நான் புத்தகம் வாசித்து வேலை பழகுகிற சாதி. படகு திருத்துவது பற்றிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கொழும்பில் பழைய புத்தகக் கடையில் வாங்கி வைத்திருந்தேன். எழுதியவர் குளிர் நாட்டுக்காரர். ஒவ்வொரு வேலைக்கும் முதல் 'இதமான ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள்' என்று தொடங்குவார். எங்களுக்கு அப்படியொரு நாள் தையிலும் மாசியிலும் வந்து போகும். நான் தொடங்கியது ஆனி மாதம், கச்சான் காற்று மண்ணை அள்ளி வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்த காலம்.

பழைய யன்னல்களைக் கழற்றுவதற்குள் எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையும் முடிந்து, இலக்கியத்தில் இருந்து கடன் வாங்கவேண்டி வந்தது. ஸ்குரூக்களின் தலைகள் தேய்ந்து வழுவழுத்துப்போயிருந்தன. டீசல் விட்டேன், சூடு காட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் தலைகளைத் துளைத்தே எடுத்தேன். அப்படியும் ஒரு யன்னலுக்குக் கீழே பைபருக்குள் இருந்த பலகை ஊறி, ஈரச் சோறு மாதிரி கையோடு வந்தது. சனம் வந்து பார்த்து, புத்தி சொல்லி, தேத்தண்ணிக்குப் போய், திரும்பி வந்து மிச்சப் புத்தியும் சொன்னது. "மாஸ்டர், உதுக்குள்ள கிளி வளக்கலாம்," என்றார் ஒருவர். நான் மாஸ்டர் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பயனில்லாத வேலை செய்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பட்டம்.

ஐந்து ஓட்டைகளும் வெறுமையானபோது அறைக்குள் போய் இருந்து பார்த்தேன். களப்பு ஐந்து துண்டாக உள்ளே வந்தது. ஒன்றில் கண்டல் மரம், ஒன்றில் கொக்கு, ஒன்றில் சம்மாட்டியின் நீலப் படகு, ஒன்றில் வெறும் தண்ணீர். முன்னால் இருந்ததில் வானம். இனி அடைக்கவே ஏலாது என்று அப்போது உறுதியானது.

புதுக் கண்ணாடிக்கு வவுனியா போனேன். கண்ணாடி என்றால் கண்ணாடி இல்லை; உடையாத பிளாஸ்டிக் தகடு, அக்ரிலிக் என்பார்கள். அதை அளவாக வெட்டித் தரக்கூடியவர்கள் விளம்பரப் பலகை செய்கிற கடைக்காரர்கள்தான் என்று விசாரித்து அறிந்திருந்தேன். மட்டையில் வெட்டிய அளவுகளை நீட்டினேன்.

"என்ன நிறம் அண்ணை?"

"நிறம் இல்லை தம்பி. அங்கால தெரிய வேணும்."

"ஓ. எழுத்து?"

"எழுத்தும் இல்லை."

அவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு பலகை. ஒண்டிலயும் எழுத்தில்லை. அப்ப ஆக்களுக்கு என்ன கடையெண்டு எப்பிடித் தெரியும்?"

"கடை இல்லை. படகுக்கு யன்னல்."

"படகுக்கு ஏன்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு ஆறுதலாக, "ஒண்டிலயாவது 'கடவுள் துணை' எண்டு ஒட்டி விடட்டே? காசு வேண்டாம்," என்றார்.

வேண்டாம் என்றேன். எழுத்து ஒன்றும் வெளியை மறைக்காமல் இருந்தால் அதுவே கடவுள் துணை. துண்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றி, முல்லைத்தீவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நெடுங்கேணிக்கு வரும்போது பஸ் துள்ளிய துள்ளலில் நான் கதிரையை விட்டு எழும்பினேன். அவற்றை எழும்ப விடவில்லை.

இனி வருவதுதான் நான் செய்த கெட்டித்தனம். புத்தகம் மிகத் தெளிவாகச் சொல்லியிருந்தது: தகட்டைச் சுற்றித் தடிப்பாகப் பசை வைத்து, ஓட்டையின் மேல் பதித்து, இறுக்காமல் காயவிட வேண்டும். காய்ந்தபின் தகடும் சுவரும் ஒன்றாகிவிடும். நான் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் விடவில்லை. வாசித்தேன், ஓரத்தில் பென்சிலால் கோடும் போட்டேன், பிறகு இது எங்களுக்குச் சரிவராது என்று முடிவெடுத்தேன். ஏன் சரிவராது என்று கேட்டிருந்தால் பராமரிப்பு, உதிரிப் பாகம் என்று ஒரு அறிக்கையே தந்திருப்பேன். அந்தத் தொழில் எனக்குக் கைவந்தது. பசைக்குப் பதிலாக லொறி ரியூப்பை வெட்டி ரப்பர் வளையம் செய்தேன். ஸ்குரூவுக்குப் பதிலாக, கையாலேயே திருகிக் கழற்றக்கூடிய காது வைத்த நட்டுகளை வாங்கிப் பூட்டினேன். ஒரு யன்னலுக்குப் பத்து நட்டு. எல்லாம் உள்ளுக்குள்ளால். ஸ்குரூ ட்ரைவரும் வேண்டாம், ஸ்பானரும் வேண்டாம். வெறும் கையால் ஐந்து யன்னலையும் கொஞ்ச நேரத்துக்குள் கழற்றி எடுத்துவிடலாம். நான் செய்து காட்டினேன். மறுபடி பூட்டினேன். மறுபடியும் கழற்றிக் காட்டினேன்.

மனைவி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறக்க முதல் ஒரு ஒத்திகை பார்ப்போம் என்று, வாய்க்காலுக்கு வைத்திருந்த நீர்ப்பம்பியைக் களப்பில் இறக்கிக் குழாயைப் பிடித்தேன். மனைவி அறைக்குள் போய் இருந்தார். நான் வெளியே நின்று, தேர்த் திருவிழாவுக்கு வந்த தீயணைப்பு வண்டிக்காரன் மாதிரி, யன்னல் யன்னலாக அடித்தேன்.

"எப்பிடி?" என்று கத்தினேன்.

உள்ளே இருந்து சத்தம் வந்தது. "பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவருடைய மடி முழுவதும் ஈரம். ஐந்து யன்னலின் கீழ் விளிம்பாலும் தண்ணீர் அழகாக, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. படகின் சுவர் தட்டையானது இல்லை, மெல்லியதாக வளைகிறது. நேரான தகட்டை நட்டால் இழுத்துப் பிடித்தால் நட்டடியில் இறுகும், இடையில் வாய் திறக்கும். ரியூப் ரப்பர் அந்த வாயை மூடாது. பசை மூடும். புத்தகம் சொன்னது அதைத்தான்.

"இன்னும் பத்து நட்டுப் போட்டா..." என்று தொடங்கினேன்.

"இஞ்சாருங்கோ," என்றார் மனைவி, சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே. "ஒரு கதை கேக்கிறன். உதை ஏன் கழட்டக்கூடின மாதிரிப் பூட்டினீங்கள்?"

"பிறகு கழட்ட வேண்டி வந்தா?"

"ஏன் வரும்?"

"அது... ஒரு அவசரம் எண்டு வந்தா."

"என்ன அவசரம்?"

நான் பக்கத்தில் இருந்த ஒரு நட்டை ஒரு சுற்றுக் கழற்றி, மறுபடி இறுக்கினேன்.

மனைவியின் ஆட்கள் வட்டக்கச்சியில் வயல் செய்தவர்கள். சண்டையின் கடைசி வருடத்து ஓட்டம் தொடங்கியபோது, அவர்களும் எல்லோரையும் போல வீட்டைக் கழற்றினார்கள். முதலில் ஓடு, பிறகு கதவு, பிறகு யன்னல். உளியால் சீமெந்தைக் கொத்தி, நிலையோடு பெயர்த்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். என் வீட்டு ஆட்களும் அதையேதான் செய்தார்கள். தெரு முழுக்க யன்னல்கள் போய்க்கொண்டிருந்தன. அடுத்த இடத்தில் இறக்கிக் கொட்டிலுக்குப் பூட்டி, அங்கிருந்தும் கழற்றி, அதற்கடுத்த இடத்தில் பூட்டாமல் அடுக்கி வைத்து, கடைசியில் அடுக்கிய இடத்திலேயே விட்டுவிட்டு வெறும் கையோடு நடந்தோம். அந்தக் காலத்தில் எந்த நிலையை எப்படிப் பெயர்த்தால் சேதமில்லாமல் வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கலை. பூட்டும்போதே கழற்றுவதை யோசித்துப் பூட்டுவோம். ஆணியை முழுக்க இறுக்க மாட்டோம்.

"இது போட்," என்றார் மனைவி. குரலில் கோபம் இல்லை; பிள்ளைத்தாச்சிக்கு விளங்கப்படுத்துகிற குரல். "இனியொருக்கா ஓட வேண்டி வந்தா, உந்த யன்னலைக் கழட்டிக்கொண்டு எதில ஏறி ஓடப் போறீங்கள்?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பம்பி கரையில் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது.

"இனி நான் ஒரு இடமும் யன்னல் தூக்க மாட்டன்," என்றார் அவர்.

அடுத்த நாள் மறுபடி வவுனியா போனேன். பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடிச் சுவர் ஒட்டுகிற கறுப்புப் பசை, அலுமினிய வேலை செய்கிற கடையில் இருந்தது. "ஒட்டினா எடுக்கேலாது, யோசிச்சுக்கொள்ளுங்கோ," என்றார் கடைக்காரர். நல்லது என்றேன். காது வைத்த நட்டுகளை ஒரு போத்தலுக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தேன். வெயிலுக்குத் தகடு விரியும் என்று புத்தகம் எச்சரித்திருந்தபடி நட்டுத் துளைகளை ஒரு சுற்றுப் பெருப்பித்தேன்; இனி அவற்றையும் பசைதான் அடைக்கும். சுவரைச் சுரண்டினேன், துடைத்தேன், கையை விரலடையாளம் படாமல் வைத்துக்கொள்ளப் பழகினேன்.

முதல் யன்னலைப் பதிக்க முதல் அளவை மூன்று தரம் பார்த்தேன். பசை விளிம்பைச் சுற்றி ஒழுங்காகப் பிதுங்கியது. அழுத்தினேன். இனி அது அந்த இடத்துக்குச் சொந்தம். இதை எடுக்க வேண்டுமானால் கத்தியால் அறுக்க வேண்டும், அறுத்தால் தகடும் போகும், சுவரும் போகும். இரண்டாவதுக்கு ஒரு தரம் மட்டும் பார்த்தேன். ஐந்தாவதைப் பதிக்கும்போது எனக்கு ஒரு கெட்ட சந்தோசம் வந்திருந்தது. யார் வந்து எழும்பு என்று சொன்னாலும் இந்த யன்னல் எழும்பாது. நான் எழும்ப வேண்டி வரலாம். எனக்குக் கால் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. ஆனால் என்னோடு வரத் தயாராக இல்லாத ஒரு பொருளையாவது இந்த மண்ணில் நான் செய்து வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அது படகில் இருக்கிறது, படகு மிதக்கும், நகரும் என்ற தர்க்கத்தை யாராவது எடுத்துவந்தால் அவரோடு பிறகு கதைக்கலாம்.

மழை ஐப்பசி நடுவில் வந்தது. காலையில் கடல் பக்கம் கறுத்து, பத்து மணிக்கெல்லாம் களப்பும் வானமும் ஒரே நிறமாகி, பிறகு கொட்டத் தொடங்கியது. சம்மாட்டி யூரியாப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "மழை வந்திட்டுது தம்பி, பாப்பம் வாரும்," என்றார். கலியாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம். மனைவி கிளினிக் பையோடு அப்படியே இறங்கி வந்தார். மூவரும் அறைக்குள் புகுந்து, பின்பக்க வாசலுக்குப் பலகையை இறக்கி மூடிக்கொண்டு, முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தோம்.

கூரையில் மழை அடித்த அடிக்குக் கத்திக் கதைத்தால்தான் கேட்கும். நான் யன்னல்களைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு யன்னலின் கீழும் விரலை ஓட்டி, விரலைப் பார்த்து, அடுத்ததுக்குப் போனார். முதலாவது காய்ந்திருந்தது. இரண்டாவது காய்ந்திருந்தது. மூன்று. நான்கு. முன்னால் இருந்ததைத் தடவ, சம்மாட்டியின் தோளுக்கு மேலால் எட்டினார். விரல் காய்ந்தே வந்தது.

அப்போது சம்மாட்டியின் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் கையை வைத்துப் பார்த்தார். இன்னொரு சொட்டு. பாய்மரம் கூரையில் நிற்கிற அடியால் வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை நான் நினைத்தும் பார்க்கவில்லை.

"பாத்தீரே!" என்றார் சம்மாட்டி. முகம் மலர்ந்துவிட்டது. "மழை உள்ள வந்திட்டுது. கதை முடிஞ்சுது."

வெட்டும் மெஷினின் சத்தம் எனக்கு மழைக்கு மேலால் கேட்டது. ஐந்து யன்னலும் தங்கள் கடமையைச் செய்து முடித்துவிட்டு, கூரையோடு சேர்ந்து வெட்டுப்படப் போகின்றன.

"அண்ணை, நான் சொன்னது என்ன?" என்றார் மனைவி.

"மழையில தண்ணி..."

"தண்ணி நிண்டா எண்டு. நிண்டாத்தான் நுளம்பு. உது நிக்கேல்ல, சொட்டுது." பையைத் திறந்து ஒரு சில்வர்க் கிண்ணத்தை எடுத்துச் சம்மாட்டியின் கையில் கொடுத்தார். "பிடியுங்கோ."

"நான் ஏன் பிள்ளை பிடிக்கிறது?"

"உங்கட தலைக்கு மேலதானே விழுகுது."

சம்மாட்டி கிண்ணத்தைத் தலைக்கு மேல் பிடித்தார். டிங் என்றது. நான் சிரிக்கக் கூடாது என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இது ஞாயமில்லை பிள்ளை."

"நான் நாலு ஊர் சிரட்டை பாக்கிறனான் அண்ணை. எது நுளம்புத் தண்ணி, எது இல்லை எண்டு நான்தான் சொல்லுறது. போட் இஞ்சதான் நிக்கும்."

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளைத் தூக்கி எடுத்தவரோடு யாரும் கடைசிவரை வாதாடுவதில்லை. சம்மாட்டியின் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் அந்தக் கணக்கில்தான். கொஞ்ச நேரம் கிண்ணத்தோடு இருந்தார். பிறகு பக்கத்து யன்னலால் வெளியே பார்த்தவர், திடீரென்று நிமிர்ந்தார். அவருடைய நீலப் படகின் மேல் கட்டியிருந்த தறப்பாள் காற்றில் அவிழ்ந்து பறந்துகொண்டிருந்தது. கரையில் மீனவர் தங்குகிற வாடிக்குள் இருந்த அவருடைய ஆட்களுக்கு அது தெரியவில்லை. யன்னலில் தட்டி, "டேய்! டேய்!" என்று கத்தினார். வெளியே ஒரு குருவிக்கும் கேட்டிராது.

"உதைத் திறக்கேலாதா?"

"ஏலாது அண்ணை," என்றேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு திருப்தியோடு சொன்ன 'ஏலாது' வேறு இல்லை.

கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு, பலகையைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் பாய்ந்தார். யூரியாப் பையை மறந்துவிட்டார். அவர் சேற்றுக்குள்ளால் ஓடுவதும், தறப்பாளை எட்டிப் பிடிப்பதும், அது அவரையும் இழுத்துக்கொண்டு போவதும், ஆட்கள் வாடியால் ஓடி வருவதும் ஒரு யன்னலில் இருந்து அடுத்த யன்னலுக்கு வரிசையாகப் போயின. துல்லியமாகத் தெரிந்தது. நல்ல தகடு.

மனைவி பலகையை மறுபடி இறக்கி மூடினார். மூடிய பிறகு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரும் தெருவும் எங்கள் வீடும் இருக்கிற பக்கம் அதுதான். அந்தப் பக்கம் மட்டும் ஒன்றும் தெரியாது.

"இதில ஏன் ஒண்டும் இல்லை?"

"அது வாசல். வெள்ளைக்காரன் அதில யன்னல் வைக்கேல்ல."

"அவன் வைக்காட்டி?"

கிளினிக் பைக்குள் இருந்து பேனையை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, என்னிடம் நீட்டினார்.

"எவ்வளவு பெருசு?" என்று கேட்டேன்.

மனைவி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பலகை அவ்வளவு அகலம் இல்லை. நான் பேனையால் யன்னலைக் கீறத் தொடங்கினேன்.